ஐரோப்பாவுக்கு இரும்பு ரேடியேட்டர் ஏற்றுமதி: வரி 3.2 சதவீதம்தான், சரக்கு நிற்பது காகிதத்தால்

நம்மூரில் ரேடியேட்டர் என்றால் காரிலும் லாரியிலும் என்ஜினுக்கு முன்னால் இருப்பது. குளிர்நாடுகளில் ஜன்னலுக்குக் கீழே சுவரில் மாட்டி, உள்ளே வெந்நீர் ஓடவிட்டு அறையைச் சூடாக்கும் சாதனத்துக்கும் அதே பெயர். இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இதை அதிகம் அனுப்பும் நாடுகளில் துருக்கியும் சீனாவும் முக்கியமானவை. கோவை வார்ப்பாலைகளுக்கும் தகடு வேலை செய்பவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து விலை கேட்டு விசாரணை வந்தால் அவர்களின் முதல் கேள்வி ‘வரி எவ்வளவு?’ என்பதுதான். அது கடைசிக் கவலையாக இருக்க வேண்டியது.

வார்ப்பிரும்பு ரேடியேட்டரின் சுங்கக் குறியீடு 7322 11. எஃகுத் தகடு, எஃகுக் குழாய், துண்டு உலர்த்தும் குளியலறைச் சட்டம் எல்லாம் 7322 19. உதிரிபாகங்களும் இவற்றிலேயே அடங்கும். இரண்டுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது இறக்குமதி வரி 3.2 சதவீதம். இந்த வரி, சரக்கு விலையோடு ஐரோப்பிய எல்லை வரையிலான கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. 40,000 யூரோ சரக்குக்கு ரோட்டர்டாம் வரை 4,000 யூரோ செலவானால், 44,000-க்கு வரி 1,408 யூரோ. மதிப்புக் கூட்டு வரி அதற்கு மேல் தனி.

இன்வாய்ஸில் வெறும் ‘ரேடியேட்டர்’ என்று எழுதி அனுப்பாதீர்கள். மின்சாரத்தில் சூடாகும் ரேடியேட்டர் 8516-க்குப் போய்விடும். வாகன ரேடியேட்டர் 8708. அலுமினியம் என்றால் 76-ஆம் அத்தியாயம்; சீன அலுமினிய ரேடியேட்டருக்கு 2012-இல் பொருட்குவிப்புத் தடுப்பு வரியும் (மிகக் குறைந்த விலையில் கொட்டுவதைத் தடுக்கும் கூடுதல் வரி) விதிக்கப்பட்டது. எந்த உலோகம், வெந்நீரில் இயங்குவதா, எந்த வகை, என்ன அளவு என்று இன்வாய்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதினால் சுங்க முகவருக்குக் கேள்வி வராது. வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வால்வைத் தனியாக அனுப்பினால் அது 8481.

இனி முக்கியமான விஷயம். வெந்நீர் ரேடியேட்டர் ஐரோப்பாவில் கட்டுமானப் பொருள். 2005 டிசம்பர் 1 முதல் சிஇ முத்திரை (ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்ற குறி) இல்லாமல் விற்க முடியாது. அதற்கான தரநிலை ஈஎன் 442. 120 டிகிரிக்குக் குறைவான நீரிலோ நீராவியிலோ இயங்கும் ரேடியேட்டர்களுக்கானது. ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த சோதனைக்கூடத்தில் மாதிரியைச் சோதிக்க வேண்டும். தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு உற்பத்தியாளர் பொறுப்பு. ஒவ்வோர் உயரத்தையும் நீளத்தையும் சோதிக்கத் தேவையில்லை. ஒரே வடிவமைப்பில் வரும் அளவுகளை ஒரு குடும்பமாக எடுத்து, அதில் சிலவற்றைச் சோதித்தால் போதும். ஆனால் தகட்டின் வடிவத்தையோ உள்மடிப்பின் (வெப்பத்தைப் பரப்ப உள்ளே வைக்கும் மடிப்புத் தகடு) இடைவெளியையோ பின்னர் மாற்றினால் பழைய அறிக்கை செல்லாது. செலவைக் குறைக்க உள்மடிப்புத் தகட்டை மெலிதாக்கிவிட்டு பழைய வாட் எண்ணையே அச்சடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. சந்தைக் கண்காணிப்பு அதிகாரிகள் கடையிலிருந்து ஒன்றை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

வாட் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தகராறு பெரும்பாலும் அங்கேதான். ஈஎன் 442-இன்படி உள்ளே போகும் நீர் 75 டிகிரி, வெளியே வருவது 65, அறை 20. நீரின் சராசரி 70. அறையோடு வேறுபாடு 50. ரஷ்யப் பட்டியல்களில் இந்த வேறுபாடு 70 என்று இருக்கும். பழைய சீனப் பட்டியல்களில் 64.5. தகட்டு ரேடியேட்டரில் வெப்பம், வேறுபாட்டின் சுமார் 1.3 அடுக்குக்கு (மடங்கு அல்ல, கணித அடுக்கு) ஏற்ப மாறுகிறது. அதாவது ஐரோப்பிய முறையில் 1,000 வாட் தரும் அதே பொருளை 70 கணக்கில் 1,549 வாட் என்றும், 64.5 கணக்கில் 1,392 வாட் என்றும் எழுதலாம். வேறு சந்தைக்கு அச்சடித்த அட்டவணையை அப்படியே ஐரோப்பாவுக்கு அனுப்பினால், வாங்குபவர் வீடு சூடாகாது. 30 டிகிரி வேறுபாட்டுக்கான எண்ணும் உற்பத்தியாளர் தரும் செயல்திறன் அறிவிப்பில் வேண்டும்; மேற்சொன்ன 1,000 வாட் அங்கே சுமார் 515 ஆகிவிடும். ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை எடுத்துத் தரும் மின்கருவி) வைக்கும் வீடுகளில் நீர் அவ்வளவு சூடாக ஓடாது, ஆகவே இன்று பொறியாளர்கள் முதலில் பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

அழுத்தத்துக்கும் கணக்கு உண்டு. எஃகுத் தகட்டு ரேடியேட்டரின் உச்ச இயக்க அழுத்தம் 10 பார் (அழுத்த அலகு) என்று அறிவித்தால், 1.3 மடங்கான 13 பாரில் ஒழுகக் கூடாது, 1.69 மடங்கான 16.9 பாரில் உடையக் கூடாது. ஒழுக்குச் சோதனையைத் தண்ணீரில் செய்தால் முழுக்க வடித்து, உலர்த்தி, நான்கு முனைகளையும் மூடியிட்டு அடையுங்கள். உள்ளே தங்கிய நீர் கப்பலில் போய்ச் சேர்வதற்குள் துருவாகிவிடும். மூடியைத் திறந்ததும் பழுப்பு நீர் சொட்டினால் அந்தச் சரக்கை யாரும் ஏற்க மாட்டார்கள்.

சோதனை முடிந்ததும் உற்பத்தியாளர் ‘செயல்திறன் அறிவிப்பு’ தயாரிக்க வேண்டும். தீக்கு எதிர்வினை வகை (தீப்பற்றும் தன்மை), அழுத்தம், மேற்பரப்பு வெப்பநிலை, இரண்டு வாட் எண்கள், துருத்தாங்கும் திறன், சோதனைக்கூடத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். எந்த நாட்டில் விற்கிறோமோ அந்த நாடு கேட்கும் மொழியில் தர வேண்டும். லேபிளில் சிஇ குறி, முதலில் முத்திரையிட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், உற்பத்தியாளர் பெயரும் முகவரியும், வகைக் குறியீடு, அறிவிப்பு எண், தரநிலை ஆகியவை வரும். இறக்குமதியாளரும் தன் பெயர், முகவரியைப் பொருளிலோ பெட்டியிலோ ஆவணத்திலோ குறித்து, அறிவிப்பை 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவர் தன் சொந்த பிராண்டில் விற்றால் சட்டத்தின் பார்வையில் அவரே உற்பத்தியாளர். சோதனை அறிக்கை முழுவதையும் உங்களிடம் கேட்பார், அந்த நிபந்தனையை விலை பேசும்போதே முடிவு செய்யுங்கள். 2024/3110 என்ற புதிய கட்டுமானப் பொருள் சட்டம் 2026 ஜனவரி 8 முதல் நடைமுறைக்கு வந்தாலும், புதிய தரநிலை வரும் வரை ரேடியேட்டருக்குப் பழைய 305/2011 சட்டத்தின் முறையே தொடரும்.

அடுத்து, எஃகு எங்கே உருகியது என்ற கேள்வி. ரஷ்ய இரும்பு, எஃகைக் கொண்டு மூன்றாம் நாட்டில் செய்த பொருள்களுக்கு 2023 செப்டம்பர் 30 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. தகடு வாங்கும்போதே மில் டெஸ்ட் சான்றிதழை (எஃகு ஆலை தரும் சோதனைச் சான்று) வாங்கி, அதிலுள்ள ஹீட் நம்பரை (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) உற்பத்தித் தொகுதியோடு பதிவு செய்யுங்கள். வணிகரிடம் சில்லறையாக வாங்கிய தகட்டுக்குப் பிறகு சான்றிதழ் தேடினால் கிடைக்காது.

கார்பன் எல்லை வரியின் (உற்பத்தியில் வெளியான கார்பனுக்காக ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியில் வசூலிப்பது) முதல் பட்டியலில் 7322 இல்லை. ஆனால் திருகு, போல்ட் வகை 7318-ம், குழாய் இணைப்பான்கள் 7307-ம் இருக்கின்றன. அவற்றைத் தனியாக மொத்தமாக அனுப்பினால் இறக்குமதியாளரின் ஆண்டுக்கு 50 டன் விலக்கு வரம்பில் எண்ணப்படும். பட்டியலை நீட்டும் முன்மொழிவு 2025 டிசம்பரில் வந்திருக்கிறது, நீண்ட ஒப்பந்தம் போடுமுன் பாருங்கள்.

துருக்கியிலிருந்து வாங்கி விற்கும் தமிழ் வணிகர்கள் பிரிட்டனில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தோடு துருக்கிக்கு உள்ள சுங்க ஒன்றியத்தால் துருக்கிச் சரக்கு ஏ.டி.ஆர். சான்றிதழோடு வரியின்றி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும். 2021 முதல் கிரேட் பிரிட்டனில் அந்தக் காகிதம் செல்லாது. அங்கே பிரிட்டன்–துருக்கி ஒப்பந்தத்தின்படி பொருள் துருக்கியில் உருவானது என்ற தோற்ற அறிவிப்பு இன்வாய்ஸில் வேண்டும். வட அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்கு ஐரோப்பிய விதியே பொருந்தும்.