புகைபோக்கியில் 950, தெருவில் 80: உர ஆலையின் கந்தக அமிலப் புகைக்கு என்ன வரம்பு?

டிஏபி என்ற பாஸ்பேட் உரத்தின் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் கந்தக அமிலம் இருக்காது. ஆனால் பாறை பாஸ்பேட்டைக் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலமாக்க அதுதான் தேவைப்படுகிறது. அதனால் தூத்துக்குடி, விசாகப்பட்டினம், பாரதீப் போன்ற ஊர்களில் பாஸ்பேட் உரம் செய்யும் ஆலைகள் அமிலத்தையும் தாங்களே தயாரிக்கின்றன. யூரியா மட்டும் செய்யும் ஆலைக்கு இந்தத் தொல்லை இல்லை.

தயாரிக்கும் முறை கேட்க எளிது. கந்தகத்தை உருக்கி, ஈரம் நீக்கிய காற்றில் எரித்தால் கந்தக டை ஆக்சைடு கிடைக்கும். அதை 400 டிகிரிக்கு மேல் சூடான வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியின் மீது செலுத்தினால் கந்தக டிரை ஆக்சைடாகும். இதை நேரே தண்ணீரில் விட்டால் பிடிக்கவே முடியாத அமில மூட்டம் கிளம்பும். ஆகவே 98 சதவீத அமிலத்திலேயே உறிஞ்ச வைக்கிறார்கள். முதல் சுற்றில் மாறாமல் மிஞ்சும் வாயுவை மறுபடியும் வினையூக்கிக்கு அனுப்பும் 'இரட்டை மாற்றம், இரட்டை உறிஞ்சல்' முறையில் சுமார் 99.7 சதவீதம் மாறிவிடும். மீதிதான் புகைபோக்கி வழியாக ஊருக்கு வருகிறது.

அந்த மீதி எவ்வளவு இருக்கலாம் என்பதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 2008-ல் கொண்டுவந்த திருத்தம் சொல்கிறது. நாளொன்றுக்கு 300 டன்னுக்கு மேல் அமிலம் செய்யும் புதிய ஆலையின் புகையில், ஒரு கன மீட்டருக்கு 950 மில்லிகிராமுக்கு மேல் கந்தக டை ஆக்சைடு இருக்கக்கூடாது. திருத்தத்துக்கு முன்பே இயங்கிய ஆலையானால் 1,250. முன்னூறு டன் வரையிலான சிறிய ஆலைகளில் புதியதற்கு 1,250, பழையதற்கு 1,370. அமில மூட்டத்துக்குத் தனி வரம்பு உண்டு: பெரிய புதிய ஆலைக்கு 50 மில்லிகிராம், பெரிய பழைய ஆலைக்கு 70.

எண் சிறிதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டன் அமிலம் செய்தால் ஏறத்தாழ 1,600 முதல் 1,800 கன மீட்டர் வாயு வெளியேறும். ஆகவே 950 மில்லிகிராம் என்பது டன்னுக்கு ஒன்றரைக் கிலோ, அல்லது அதற்குச் சற்று மேல். நாளுக்கு 1,000 டன் செய்யும் ஆலை, விதியை ஓர் இம்மியும் மீறாமல், தினமும் ஒன்றரை டன் கந்தக டை ஆக்சைடை வெளியே விடலாம். 'வரம்புக்குள்தான் இருக்கிறோம்' என்று ஆலை சொல்லும்போது, அன்றைய உற்பத்தி எத்தனை டன் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மில்லிகிராம் கணக்கு புகையின் அடர்த்தியை மட்டுமே காட்டும், மொத்தத்தைக் காட்டாது.

நாம் மூச்சிழுக்கும் காற்றுக்கான அளவு வேறு. 2009-ல் அறிவித்த தேசியக் காற்றுத் தர அளவுகோலின்படி, கந்தக டை ஆக்சைடின் 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அதாவது புகைபோக்கியில் அனுமதித்த வாயு தெருவுக்கு வருவதற்குள் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் நீர்த்திருக்க வேண்டும். அந்த வேலையைக் காற்றும் உயரமும் செய்கின்றன. புகைபோக்கி குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும். மணிக்கு எத்தனை கிலோ வாயு வெளியேறும் என்பதை வைத்துப் போடும் சூத்திரம் அதைவிட அதிகம் கேட்டால் அந்த உயரம் கட்டாயம். நாளுக்கு 1,000 டன் செய்யும் புதிய ஆலைக்கு அது 50 மீட்டரை ஒட்டி வரும்.

விதியை எழுதியவர்கள் ஒரு குறுக்கு வழியை முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள். ஒரே வளாகத்தில் 200 டன் பிரிவுகள் இரண்டு இருந்தால், 'இரண்டும் சிறிய ஆலைகள்' என்று சொல்லித் தப்ப முடியாது. கூட்டிய 400 டன்தான் கணக்கு.

ஊரார் இருமுவது பெரும்பாலும் ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தி மறுபடி தொடங்கும் நேரத்தில்தான். வினையூக்கி ஆறிக் கிடந்தால் வாயு மாறாமலே கடந்து போகும். அதற்காகத்தான் காரநீரில் வாயுவைக் கழுவும் ஸ்கிரப்பர் இருக்கிறது. ஸ்கிரப்பர் உள்ள ஆலையில் அந்த நீரின் பிஹெச் அளவை (அமில, காரத் தன்மையை) தானே பதிவு செய்யும் மீட்டரும் இருக்க வேண்டும் என்கிறது விதி. அந்த வேளையில் ஸ்கிரப்பர் ஒழுங்காக ஓடியதா என்பதற்கு இந்தப் பதிவைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் புகார் கொடுப்பவர்களில் அதைக் கேட்பவர் அபூர்வம்.

சரி, யாரிடம் கேட்பது? உர ஆலைகள் உள்ளிட்ட 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியில் தொடர் கண்காணிப்புக் கருவி வைத்து, அளவுகளை இணையவழி அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. தவிர, சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 என இருமுறை, அனுமதியின் நிபந்தனைகளைப் பின்பற்றியதைக் காட்டும் இணக்க அறிக்கை தர வேண்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இவை பொது ஆவணங்கள். விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் தர வேண்டும். கருவியின் பதிவுகளும் ஆலை இயங்க மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையும் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதலாம். 'மாசு அளவு தருக' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மாதச் சராசரி ஒன்றை நீட்டிவிடுவார்கள். நெடியடித்த தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அந்த மணி நேரத்துக் கந்தக டை ஆக்சைடு அளவு, ஸ்கிரப்பரின் பிஹெச் பதிவு, அன்றைய அமில உற்பத்தி ஆகிய மூன்றையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு.