ஃப்ளைவீலுக்குள் ஏன் ஸ்பிரிங்?

நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒரே சீராகச் சுழலுவதுபோலத் தெரியும். ஆனால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உந்தப்பட்டு, இரண்டு முறை தளர்கிறது. 1,500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளில், நொடிக்கு 50 உதைகள். இவை அப்படியே கியர்பாக்ஸுக்குப் போனால் கியர் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்கும்.

பழைய முறையில், சுழற்சியைச் சீராக்க அந்தத் தண்டின் முனையில் பொருத்தும் கனமான சக்கரமான ஒற்றை ஃப்ளைவீலும், கிளட்ச் பிளேட்டில் சில குட்டை ஸ்பிரிங்குகளும் இருக்கும். அந்த ஸ்பிரிங்குகள் விறைப்பானவை. அதனால் கியர்பாக்ஸ் பக்கம் பெரிதாக அதிரும் வேகம், நாம் அன்றாடம் ஓட்டும் 1,200 முதல் 2,400 ஆர்பிஎம்முக்குள்ளேயே வந்து விழும்.

ஒரு ரப்பர் பேண்டில் சின்னப் பூட்டைத் தொங்கவிட்டு, கையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மெதுவாக ஆட்டினால் பூட்டும் கூடவே வரும். கொஞ்சம் வேகம் கூட்டினால், ஒரு கட்டத்தில் கையைவிடப் பல மடங்கு துள்ளும், இதுதான் ஒத்ததிர்வு. இன்னும் வேகமாக ஆட்டினால் கைதான் படபடக்கும், பூட்டு கிட்டத்தட்ட அசையாது.

பூட்டு அசையாத அந்த நிலைக்குக் கியர்பாக்ஸைக் கொண்டுபோவதுதான் ட்யூவல் மாஸ் ஃப்ளைவீலின் வேலை. ஜெர்மனியின் லுக் நிறுவனம் 1985இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃப்ளைவீல் இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கிராங்க்‌ஷாஃப்ட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மற்றொன்று கிளட்ச்சைத் தாங்கும். இடையில், கிரீஸ் நிரம்பிய வட்டப் பள்ளத்தில், வளைந்த நீளமான ஸ்பிரிங்குகள். நீளம் கூடுவதால் அவை மிருதுவாக இருக்கும். கியர்பாக்ஸ் பக்கம் கனமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து ஒத்ததிர்வைச் சுமார் 300 ஆர்பிஎம்முக்கு இறக்கிவிடுகின்றன. ஐடிலிங்கே 800 என்பதால், ஓடும் இன்ஜின் அந்தப் பக்கமே போவதில்லை. எனக்கு இதில் பிடித்ததே இந்தத் தந்திரம்தான்: அதிர்வோடு மல்லுக்கட்டாமல், அது பெருகும் இடத்தை வேறெங்கோ தள்ளிவைப்பது.

ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் மட்டும் அந்த 300ஐக் கடந்தாக வேண்டும். அந்தக் கணத்தில் ‘டக்’கென்று பலமாகச் சத்தம் வரத் தொடங்கினால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, கிரீஸ் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஐந்தாவது கியரில் 1,000 ஆர்பிஎம்மில் ஊர்ந்துகொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிப்பது இதற்குப் பெரும் சித்திரவதை. ஸ்பிரிங்குகள் முழுக்க நசுங்கி முட்டும். ஒரு கியர் இறக்கினால் போதும். பழுதானால் விலை கூடுதல் என்று பலர் ஒற்றை ஃப்ளைவீலுக்கு மாறுகிறார்கள். வண்டி ஓடும், ஆனால் அந்தக் கடகடப்பு பெரும்பாலும் திரும்ப வந்துவிடும்.