அலர்ஜியைப் பக்கவிளைவு என்று எழுதலாமா?

‘ஆன்டிபயாட்டிக் குடித்த குழந்தைக்குப் பக்கவிளைவாக உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல்.’ தொலைக்காட்சி மருத்துவக் குறிப்புகளிலும் நாளிதழ் இணைப்புகளிலும் இந்த மாதிரி வாக்கியம் ஓயாமல் வருகிறது. மருந்து குடித்தவுடன் இவை சேர்ந்து வந்தால் அது அலர்ஜி. தமிழில் ஒவ்வாமை.

அலர்ஜி என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. குதிரை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தை மருந்தாக ஊசி போட்ட குழந்தைகளுக்கு, இரண்டாம் முறை போடும்போது எதிர்வினை இன்னும் சீக்கிரமாக வந்ததை அவரும் சக மருத்துவர் பேலா ஷிக்கும் கவனித்திருந்தார்கள். கிரேக்கத்தில் அல்லோஸ் என்றால் வேறு, எர்கோன் என்றால் வினை. அப்படியே பெயர்த்தால் ‘வேற்றுவினை’ என்று வரும், யாருக்கும் புரியாது. நல்லவேளையாக நம்மிடம் ஒவ்வு என்ற வினை இருக்கிறது. ஒவ்வுதல் என்றால் ஒத்துப்போதல். ஒவ்வாமை அதன் எதிர்மறை.

சரி, பக்கவிளைவும் தமிழ்தானே என்று கேட்கலாம். தமிழ்தான், ஆனால் இந்த இடத்தில் தவறான தமிழ். இதை எழுதுவதைவிட அலர்ஜி என்றே எழுதிவிடலாம். அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த ஆன்டிபயாட்டிக் சிரப்பைக் குடித்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் மருந்து அழிப்பது அதற்கு ஒரு காரணம். அது பக்கவிளைவு, எந்தக் குழந்தைக்கும் வரலாம், அளவு கூடினால் கூடும், அடுத்த முறை தேவைப்பட்டால் அதே மருந்தை மருத்துவர் தரவும் செய்வார். ஒவ்வாமையில் வேலை செய்வது குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம். சில குழந்தைகளுக்குத்தான் வரும், துளி மருந்தே போதும். பக்கவிளைவு என்று படித்த தாய்க்கு, அரை ஸ்பூனாகக் குறைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்து மருந்து, அதன் உறவு மருந்துகளையும் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்பதும் அந்தச் சொல்லில் இல்லை. இதைவிட மோசம், ஒவ்வாமையை ‘மருந்து எதிர்ப்பு’ என்று எழுதுவது. அது கிருமி மருந்துக்குப் பணியாமல் போவதற்கு உரிய பெயர்.

மறுபக்கம், ஒவ்வாமை என்பதைக் கண்டபடி வாரி வழங்குவதும் நடக்கிறது. ‘மருந்து எதுவும் ஒத்துக்காம போயிருக்கா?’ என்று மருத்துவர் கேட்டால் வாந்தி, பேதி எல்லாவற்றையும் சேர்த்து ‘ஆமாம்’ என்கிறோம். பேச்சில் அது இயல்பு. எழுதும்போது பிரித்தாக வேண்டும். மருந்து ஆரம்பித்துச் சில நாள் கழித்து வரும் தட்டையான சிவப்புப் புள்ளிகள் பல குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலால் வருபவை. செஃபாக்ளோர் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் குடித்த சில குழந்தைகளுக்குத் தடிப்பும் மூட்டுவலியும் காய்ச்சலும் வரும். பார்க்க, அந்தக் காலத்துச் சீரம் ஊசியால் வந்த சீரம் நோய் போலவே இருக்கும். இதற்கு ‘ஒவ்வாமை போன்ற எதிர்வினை’ என்பதே பொருத்தம். ‘போன்ற’ என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் தூக்கிப் போடுகிறார்கள்? அது போனால் குழந்தைக்கு ஆயுள் முழுக்க அந்த மருந்துக்குத் தடை. பென்சிலின் ஒவ்வாமை என்று முத்திரை குத்தப்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்தால் 10 பேரில் 9 பேருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது.

தோல் தடிப்புக்கும் ‘சருமப் பாதிப்பு’ என்று பூசி மெழுக வேண்டாம். பூச்சி கடித்ததுபோல, ஆனால் பூச்சி எதுவும் கண்ணில் படாமல், திட்டுத் திட்டாகத் தடித்து அரிப்பதற்குக் காணாக்கடி என்ற பெயர் இருக்கிறது. கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும், சித்த மருத்துவருக்கும் தெரியும். குழந்தையின் மருந்துச் சீட்டில் இப்படி இருந்தால் போதும்: ‘அமாக்சிசிலின் ஒவ்வாமை. குடித்த அரை மணியில் காணாக்கடி, உதடு வீக்கம்.’ வெறும் பேதி என்றால் ‘அமாக்சிசிலின், பக்கவிளைவு, பேதி’ என்று எழுதுங்கள்.