ஃபேன்: விசிறியா, ரசிகரா, ஆர்வலரா?

‘நான் அவருடைய தீவிர விசிறி’ என்று எழுதுவது வாரப் பத்திரிகைகளில் ஒரு காலத்தில் சாதாரணம். இன்னும் சிலர் எழுதுகிறார்கள். இது ஓர் ஆள்மாறாட்டம். ஆங்கிலத்தில் ஃபேன் என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. காற்று வீசும் ஃபேன், லத்தீனின் வன்னுஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. வன்னுஸ் என்பது தானியம் தூற்றும் கூடை, நம்மூர் முறம் மாதிரி. நடிகரின் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் ஃபேனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த இரண்டாவது ஃபேன், ஃபனாட்டிக் என்ற சொல்லின் தலை மட்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களைக் குறித்துப் புழக்கத்துக்கு வந்தது. லத்தீனில் ஃபானும் என்றால் கோயில். ஃபனாட்டிகுஸ் என்றால் கோயிலைச் சேர்ந்தவர். அப்புறம் சாமி வந்து ஆடுபவர். பெல்லோனா என்ற போர்த் தெய்வத்தின் பூசாரிகள் ஆவேசத்தில் தங்கள் கைகளையே வெட்டிக்கொண்டார்கள். ரோமானியர்கள் அவர்களை இப்படித்தான் அழைத்தார்கள். அதே ஃபானும்தான் புரொஃபேன் என்ற சொல்லுக்குள்ளும் இருக்கிறது: கோயிலுக்கு வெளியே உள்ளது, புனிதம் இல்லாதது.

கோயில், சாமியாட்டம், தீட்டு. வீடியோ கேம் ஃபேன்களின் ஆவேசத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ‘ஃபால்அவுட் 3’ வந்தபோது நடந்ததைப் பார்க்கவேண்டும்.

அணு ஆயுதப் போரில் அழிந்த அமெரிக்காவில் நடக்கும் கதை ஃபால்அவுட். முதல் பாகம் 1997இல் வந்தது, இரண்டாவது 1998இல். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம், சதுரங்கம் போல முறை வைத்து நடக்கும் சண்டை, கூர்மையான வசனங்கள். இதுபோன்ற ரோல் பிளேயிங் கேம்களில் நாம் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் முடிவுகளை நாமே எடுப்போம். மூன்றாம் பாகத்தைச் செய்துகொண்டிருந்த பிளாக் ஐல் ஸ்டூடியோவை 2003இல் இன்டர்பிளே நிறுவனம் மூடிவிட்டது. பிறகு பெதஸ்தா என்ற இன்னொரு நிறுவனம் உரிமையை வாங்கி 2008இல் ‘ஃபால்அவுட் 3’ஐ வெளியிட்டது. இப்போது எல்லாம் பாத்திரத்தின் கண் வழியே தெரிந்தது. கையில் துப்பாக்கி, கலிஃபோர்னியாவுக்குப் பதில் வாஷிங்டன். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனையும் அமோகம். பத்து வருடம் காத்திருந்த பழைய கூட்டம் மட்டும் ‘இது துப்பாக்கி பிடித்த ஆப்லிவியன்’ என்றது. ஆப்லிவியன், பெதஸ்தாவே 2006இல் வெளியிட்ட வேறொரு விளையாட்டு.

அந்தக் கோபத்தில் வெறும் பழம்பெருமையும் உண்டு, நியாயமும் உண்டு. நியாயத்துக்கு ஒரு காட்சி போதும். கடைசியில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தை இயக்க, கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் யாராவது போகவேண்டும். போனால் சாவு. பக்கத்தில் ஃபாக்ஸ் என்ற கூட்டாளி நிற்கிறார். கதிர்வீச்சு அவரை ஒன்றும் செய்யாது. முன்பு ஒருமுறை இதே போன்ற அறைக்குள் போய் நமக்கு வேண்டிய கருவியை எடுத்துவந்தவரும் அவரே. இப்போது ‘இது உன் விதி, நான் குறுக்கே வரமாட்டேன்’ என்கிற தோரணையில் நகர்ந்துகொள்கிறார்! பழைய பாகங்களில் புத்தி உள்ளவனுக்கு எப்போதும் ஒரு குறுக்குவழி இருக்கும். இங்கே கதாசிரியரே கதவை அடைத்துவிட்டார். கூச்சல் வீண்போகவில்லை. 2009இல் வந்த கூடுதல் பாகம் கூட்டாளியை உள்ளே அனுப்ப வழிசெய்தது, கதையும் அதற்கு மேல் நீண்டது.

இதற்கு நேர் எதிரான கூத்து ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற இன்னொரு ரோல் பிளேயிங் கேமில் நடந்தது. இரண்டாம் பாகம் 2000இல் வந்தது. மூன்றாவதை பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோ 2023இல் முழுமையாக வெளியிட்டது. பழைய பாகங்களில் சண்டை தொடர்ந்து ஓடும், வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம். லாரியன் அதை முறை வைத்து ஆடும் சண்டையாக்கியது. அங்கே முறைச் சண்டையை எடுத்துவிட்டார்கள் என்று புலம்பல், இங்கே முறைச் சண்டையைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று புலம்பல். ஆறு பேர் கொண்ட குழு நான்காகச் சுருங்கியது, விகோனியா என்ற பழைய தோழியை வில்லியாக்கியது எல்லாம் தனி வழக்கு. ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது கிடைத்தும் அந்த வழக்கு தீரவில்லை.

சரி, இவர்களைத் தமிழில் என்ன சொல்வது?

ரசிகர் என்பது வடமொழியின் ரசம், அதாவது சாறு, சுவை என்பதிலிருந்து வந்தது. சாய்ந்து உட்கார்ந்து சுவைப்பவர். சுவைஞர் என்று தனித்தமிழில் சொன்னாலும் அதே ஆள்தான். பத்து வருடம் மனத்தாங்கலோடு அலைபவருக்கு இந்தச் சொல் பொருந்தவில்லை.

வேரை வைத்துப் பார்த்தால் ஃபனாட்டிகுஸுக்கு அச்சாகப் பொருந்துவது வெறியர். மகள் மெலிந்துபோக, முருகன் அணங்கினான் என்று தாய் வேலனை அழைத்து ஆடவைப்பதைச் சங்கப் பாடல்கள் வெறியாட்டு என்கின்றன. அங்கும் சாமி, அங்கும் ஆவேசம். இன்று நடிகர் பெயரோடு ‘வெறியன்’ என்று சேர்த்துப் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் பையன்கள், தெரியாமலே இந்த ஒப்பீட்டைச் செய்துவிட்டார்கள். ஆனால் மதவெறி, சாதிவெறி என்றே கேட்டுக் கேட்டு அந்தச் சொல் கறைபட்டுவிட்டது. பொதுவில் ஒருவரை வெறியர் என்றால் அடிக்க வருவார்.

என் தேர்வு ஆர்வலர். சமூக ஆர்வலர், தன்னார்வலர் என்று செய்தித்தாள்கள் அதைத் தேய்த்துவைத்திருந்தாலும், பழைய பொருள் அன்பு மிக்கவர் என்பதே. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்ற குறளில் அவர் வருகிறார். அங்கே பூசல் என்றால் உள்ளே இருப்பதை ஊரறியச் செய்யும் ஆரவாரம், இன்று சண்டை. ஃபேன் ரியாக்‌ஷன் என்பதை ‘ஆர்வலர் பூசல்’ என்று எழுதினால் இரண்டு பொருளும் உட்கார்ந்துகொள்ளும். பரிமேலழகர் அந்தக் கண்ணீர் அன்பை ‘எல்லாரும் அறியத் தூற்றும்’ என்கிறார். தூற்றும் என்றதும் எனக்கு அந்த லத்தீன் முறம் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. உறவில்லாத அந்த ஃபேனும் இப்படிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.