‘ணங்’ என்று ஒலிக்கும் கரி

மூட்டையின் அடியில் ஒரு கை தூளும் ஐந்தாறு துண்டுகளும்தான் மிச்சம். இரண்டு வருடமாக அந்த ஒரே கரியில்தான் இறைச்சி சுட்டு வந்தேன். பற்றவைக்க அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். பற்றிக்கொண்டுவிட்டால் புகை இல்லை, பொறி இல்லை, இரண்டு மணி நேரம் நின்று எரியும். அடுத்த மூட்டை கேட்டபோது வரத்து நின்றுவிட்டது என்றார்கள். சரி, மரம் ஒன்றுதானே என்று அதே மரத்தின் பெயர் போட்ட இன்னொரு மூட்டையை வாங்கி வந்தேன். பத்து நிமிடத்தில் மஞ்சள் சுடர் விட்டது, படபடவென்று வெடித்தது, முக்கால் மணி நேரத்தில் சாம்பலாகிப் போனது.

மரம் அதேதான். ஆனால் கரியின் குணத்தில் மரத்துக்குப் பாதிப் பங்குதான், மீதிப் பாதி சூளைக்கு. அதிலும் ஒரே ஒரு எண்ணுக்கு: சூளை கடைசியாக எட்டிய வெப்பநிலை. இது பிடிபட்ட பிறகு நான் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு அந்த எண்ணைத் தேட ஆரம்பித்தேன். மூட்டை மேல் அதை யாரும் அச்சடிப்பதில்லை. கரியே சொல்லும், கேட்கத் தெரிய வேண்டும்.

மரத்தை எரித்தால் கிடைப்பது சாம்பல். எரிய விடாமல் வேக வைத்தால் கிடைப்பது கரி. கட்டைகளை அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுவதே காற்றைத் தடுப்பதற்காகத்தான். ஆக்சிஜன் இல்லாததால் மரம் எரிய முடியாமல் தனக்குள்ளேயே சிதைகிறது. முதலில் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் தண்ணீர் ஆவியாகிறது. மூட்டத்திலிருந்து வெள்ளையாக, பஞ்சுப் பொதி போல வெளியே வருவது பெரும்பாலும் நீராவி. பிறகு மரத்தின் செல் சுவரைக் கட்டியிருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. 220 டிகிரியில் தொடங்கி ஹெமிசெல்லுலோஸ் உடைகிறது; 315 முதல் 400 டிகிரிக்குள் செல்லுலோஸ் போய்விடுகிறது. மரத்தின் பசையான லிக்னின் மட்டும் அவசரப்படுவதே இல்லை. 200-க்குக் கீழேயே இளகத் தொடங்கி 800, 900 டிகிரி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டிருக்கும். தார், அமிலங்கள், மெத்தனால், ஹைட்ரஜன், மீத்தேன் எல்லாம் புகையோடு போக, கார்பன் எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது. சாதாரண மூட்டத்தில் நூறு கிலோ காய்ந்த விறகு போட்டால் இருபது முதல் முப்பது கிலோ கரி தேறும்.

அந்த எலும்புக்கூடு மரத்தின் வடிவத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் நாளங்களும் செல் சுவர்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். அகழாய்வுகளில் கிடைக்கும் கரித்துண்டை வைத்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே என்ன மரத்தை எரித்தார்கள் என்று சொல்ல முடிவது இதனால்தான். அடுப்புக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. வைரம் பாய்ந்த மரத்தின் கரி கனமாக இருக்கும், பஞ்சு மரத்தின் கரி பஞ்சாகத்தான் இருக்கும். மரம் தராத அடர்த்தியை எந்தச் சூளையும் தர முடியாது. ‘கோடரியை உடைப்பது’ என்ற பொருளில் ஸ்பானிஷ் மொழியில் கெப்ராச்சோ என்று அழைக்கப்படும் தென்னமெரிக்க மரத்தின் கரியைச் சிலர் தேடித் தேடி வாங்குவது, தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அந்த மரம் கனமானது என்பதால்தான்.

இப்போது அந்த வெப்பநிலைக்கு வருவோம். 400 டிகிரியோடு சூளையை மூடிவிட்டால் கரிக்குள் எரிவாயுவும் தாரும் நிறையத் தங்கிவிடும். எடையில் கால் பங்குக்கு மேல்கூட இருக்கலாம். இப்படிப்பட்ட கரி சீக்கிரம் பற்றும், ஏனென்றால் முதலில் பற்றுவது கரியே அல்ல, அதிலிருந்து கிளம்பும் வாயு. மஞ்சள் சுடர், கண்ணைக் கரிக்கும் புகை, தார் நாற்றம் எல்லாம் அதன் அடையாளம். என் இரண்டாவது மூட்டை இந்த ரகம்தான், அரைவேக்காடு. 700 டிகிரிக்கு மேல் வேகும் கரியில் கார்பன் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். வாயு இல்லை, அதனால் சுடர் இல்லை. பற்றவைப்பதும் கஷ்டம்.

இந்தக் கலையை எல்லை வரை கொண்டுபோனவர்கள் ஜப்பானியர்கள். அங்கே கிஷு பகுதியில், இன்றைய வாகயாமா மாகாணத்தில், உபாமே என்ற ஓக் மரத்திலிருந்து செய்யும் பின்ச்சோத்தான் கரிக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. கென்ரோக்கு காலத்தில், அதாவது 1688-க்கும் 1704-க்கும் இடையில், தனபே ஊரில் கரி விற்ற பிச்சூயா சோசேமோன் என்ற வணிகரின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. பல நாட்கள் குறைந்த சூட்டில் வேக வைத்துவிட்டு, கடைசியில் சூளை வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றை விடுவார்கள். உள்ளே தங்கியிருந்த வாயுக்கள் எரிந்து வெப்பம் 1,000 டிகிரியை நெருங்கும். தகதகவென்று ஜொலிக்கும் கட்டைகளை நீளமான கொக்கியால் வெளியே இழுத்து, ஈரமான சாம்பலும் மண்ணும் கலந்த பொடியால் மூடி அணைப்பார்கள். மேலே வெண்ணிறமாக ஒட்டிக்கொள்ளும் அந்தச் சாம்பலால்தான் ‘வெள்ளைக் கரி’ என்று பெயர். சூளைக்குள்ளேயே காற்றை அடைத்து ஆற விடுவது கருப்புக் கரி.

அந்தக் கடைசிச் சூட்டில் நடப்பதுதான் சுவாரசியம். தாறுமாறாகக் கிடந்த கார்பன் அணுக்கள் சிறு சிறு தாள்களாக அடுக்கிக்கொள்கின்றன, கிராஃபைட்டின் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. கட்டை சுருங்கி இறுகுகிறது. 600 டிகிரி வரை மின்சாரத்தைக் கிட்டத்தட்ட விடாமல் தடுத்த பொருள், அடுத்த இருநூறு டிகிரிக்குள் கடத்தியாகவே மாறிவிடுகிறது. ஜப்பானில் கரியைத் தரம் பிரிப்பதற்கே இதைப் பயன்படுத்துகிறார்கள். மின்தடையை அளந்து 0 முதல் 9 வரை எண் கொடுப்பார்கள், எண் குறையக் குறைய நன்றாக வெந்த கரி என்று பொருள்.

ஆக, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் நீங்களும் பார்க்கலாம். துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் இரண்டு முனைகளையும் ஒரு விரல் இடைவெளியில் அழுத்தி வையுங்கள். எண் எதுவும் காட்டாமல் முழித்தால் அது குறைந்த சூட்டுக் கரி. சில நூறு ஓமோ அதற்கும் கீழேயோ காட்டினால் சூளை 700-ஐத் தாண்டியிருக்கிறது. நான் இதை முதன்முதலில் செய்தபோது, அருமை பெருமையாக வைத்திருந்த பழைய துண்டு முப்பது ஓம் காட்டியது. புதிய மூட்டையில் எடுத்த எட்டுத் துண்டில் ஒன்றுகூட மீட்டரை அசைக்கவில்லை.

மீட்டர் இல்லையா, காது போதும். இரண்டு துண்டுகளை விரல் நுனியில் லேசாகப் பிடித்துத் தட்டுங்கள். அரைவேக்காடு ‘தொப்’ என்று அட்டைப்பெட்டி போலச் சத்தம் தரும். நன்றாக வெந்த அடர்த்தியான கரி கண்ணாடி மாதிரி ‘ணங்’ என்று ஒலிக்கும். கரிக்குள் மிச்சமிருக்கும் தார் அதிர்வை விழுங்கிவிடுகிறது. தார் போய் இறுகிய கார்பன் விழுங்குவதில்லை. அடுத்து, உடைந்த முகத்தைப் பாருங்கள். பளபளப்பாக, விளிம்பு கூராக இருந்தால் நல்லது. மங்கலாக, பழுப்பு ஓடியிருந்தால் நடுவில் இன்னும் மரம் இருக்கிறது. விரலால் தேய்த்தால் கை முழுக்கக் கருப்பாகிறதா என்பதும் ஒரு குறிதான், ஆனால் தூளோடு உரசி வந்த மூட்டையில் நல்ல கரியும் கையில் ஒட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு? கரி எப்படிச் சுடுகிறது என்பதில் இருக்கிறது விடை. கங்கின் மேற்பரப்பில்தான் கார்பன் ஆக்சிஜனோடு சேர்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் டைஆக்சைடு உள்ளே இருக்கும் சிவந்த கரியோடு மறுபடி மோதி கார்பன் மோனாக்சைடாகிறது. அது மேலே வந்து காற்றைப் பார்த்ததும் நீலச் சுடராக எரிகிறது. தணலின் மேல் தவழும் அந்த மெல்லிய நீலம் அதுதான். இறைச்சியை வேக வைப்பதில் சூடான காற்றைவிட அகச்சிவப்புக் கதிர்களுக்கே பெரிய பங்கு. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப உயரும் என்பது ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதி. 600 டிகிரித் தணலை 900-க்கு உயர்த்தினால் ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் இந்த விதிக்கு வெப்பநிலையை செல்சியஸில் அல்ல, கெல்வினில் எடுக்க வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால் 873-லிருந்து 1,173. நான்காம் மடியில் மூன்று மடங்குக்கும் மேல். விசிறியை இரண்டு வீசு வீசியதும் முகத்தில் சுள்ளென்று அடிப்பது இதனால்தான்.

‘நீறு பூத்த நெருப்பு’ என்று சும்மா சொல்லவில்லை. சாம்பல் போர்வை ஆக்சிஜனையும் மறிக்கிறது, கதிரையும் மறிக்கிறது. சாம்பல் குறைவான கரி நீண்ட நேரம் ஒரே சீராகச் சுடுவதற்குக் காரணம் அது. அடுப்பை அவ்வப்போது தட்டி உதறுவது வீண் வேலை இல்லை.

வாசனை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மனம் நோகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மரத்துக் கரி இந்த மணம் தரும் என்று மூட்டைகள் பாடும் பாட்டில் பாதி கற்பனை. மணத்தைத் தரும் லிக்னின் துணுக்குகள், குவாயகோல், சிரிங்கோல் போன்றவை, சூளையிலேயே புகையாகப் போய்விட்டன. நன்றாக வெந்த கரிக்குச் சொந்த வாசனை அனேகமாக இல்லை. சுட்ட இறைச்சியின் மணம் எங்கிருந்து வருகிறது? கொழுப்பும் சாறும் தணலில் சொட்டி, சீறி, ஆவியாகி மேலே திரும்பி வருவதிலிருந்து. தணல் எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாக அது நடக்கும்.

இறைச்சியைப் புகையூட்டுவது என்றால் கதையே வேறு. அங்கே 110 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வைக்க வேண்டும். கரியின் வேலை அடுப்பை அணையாமல் வைத்திருப்பது, மணத்தைத் தருவது அதன் மேல் வைக்கும் காய்ந்த விறகுத் துண்டு. இதற்குப் போய் வெள்ளைக் கரியைச் செலவழிப்பது என் கணக்கில் ஊதாரித்தனம். புகையின் நிறத்தைக் கவனியுங்கள். நீலமாக, இருக்கிறதா இல்லையா என்பது போலத் தெரிந்தால் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. வானம் நீலமாக இருக்கும் அதே சங்கதி. வெள்ளையாகத் திரண்டு வந்தால் துகள்கள் பெரியவை, விறகு எரியாமல் பொருமுகிறது, கசப்பு ஏறும். காற்றுத் துளையைத் திறந்து விடுங்கள். இறைச்சி குளிர்ந்து ஈரமாக இருக்கும்போது புகை நன்றாக ஒட்டும், அதனால் முதல் இரண்டு மணி நேரம்தான் முக்கியம். அறுத்தால் தெரியும் இளஞ்சிவப்பு வளையம் சுவைக்கான சான்று அல்ல. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் புரதத்தைப் பிடித்துக்கொண்டதன் தடம் அது.

பிடித்த கரி ஏன் காணாமல் போகிறது என்பதிலும் கொஞ்சம் வேதியியல் உண்டு. அடர்த்தியான மரம் மெதுவாகத்தான் வளரும், அவசரப்படுத்த முடியாது. 2004-இல் சீனா மரக்கரி ஏற்றுமதியைத் தடை செய்தபோது ஜப்பானிய உணவகங்களே திண்டாடின. கப்பலில் அனுப்புவதும் லேசு இல்லை. புதுக் கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சித் தானாகவே சூடேறும். நெருக்கி அடைத்த மூட்டைகளுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தீயே பிடிக்கலாம். அதனால் ஐ.நா. எண் 1361-இன் கீழ், தானே தீப்பற்றும் பொருள்களின் பட்டியலில் கரி இருக்கிறது.

மாற்றுத் தேடுபவர்களுக்கு என் முதல் சிபாரிசு மரத்தூளை அழுத்திச் செய்யும் ஓகாத்தான். நடுவில் ஓட்டையோடு கூடிய குழல், பெரும்பாலும் அறுகோண வடிவில் இருக்கும். சூட்டில் இளகும் லிக்னினே பசையாகிவிடுவதால் வேறு பசை வேண்டாம். அழுத்திய பிறகு கரியாக்குவதால் அடர்த்தியும் கிடைக்கிறது. சிரட்டைக் கரியை அழுத்திச் செய்யும் கட்டிகள் அடுத்தது. கரித்தூளை அழுத்திச் செய்யும் தலையணை வடிவ பிரிக்கெட்டுகளில் ஸ்டார்ச் பசையோடு சிலவற்றில் சுண்ணாம்புக்கல், நிலக்கரித் தூள்கூட இருக்கும். சாம்பல் அதிகம், ஆனால் ஒரே அளவில் இருப்பதால் புகையூட்டும் அடுப்புக்குச் சீரான சூடு தரும். அதை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. புகையே இல்லாத கரிதானே என்று அறைக்குள் வைத்துவிடாதீர்கள். புகை இல்லை என்றால் மோனாக்சைடு இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அந்த ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். அணைந்தது போலத் தெரியும் தணலும் அதை விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

நல்ல கரி கிடைத்தால் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். கரியின் நுண்துளைகள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். சட்டென்று சூடேற்றினால் அந்த ஈரம் ஆவியாகித் துண்டையே சிதறடிக்கும். அடர்த்தியான கரிதான் பயங்கரமாக வெடிக்கும், ஆவிக்கு வெளியே போக வழி குறைவு என்பதால். ஓரத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றி உள்ளே தள்ளுவது நல்லது. சமைத்து முடித்தபின் மிஞ்சும் தணலை வெளியில் வைத்தே ஒரு உலோகச் சட்டியில் போட்டு மூடினால், ஆக்சிஜன் தீர்ந்து அணைந்துவிடும். மறுநாள் எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள், ‘ணங்’ இன்னும் இருக்கும்.