ஒழுகாத அடிதான் ஆபத்து

நாலு மாதம் முன்பு ஒரு தம்பி தன் ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டி வந்தார். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அண்ணே, ஏத்தத்துல மிதிச்சா மட்டும் ஆயில் லைட் மினுக்குது. ஆனா ஒரு சொட்டு லீக் இல்ல, ஆயில் மட்டம் பார்க்குற டிப்ஸ்டிக்கும் ஃபுல் காட்டுது" என்றார். ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தேன். இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. இரண்டு வாரம் முன்னால் மலைப் பாதையில் 'டொம்' என்று சத்தம் கேட்டதாம். இறங்கிப் பார்த்தாராம், எதுவும் ஒழுகவில்லை, கிளம்பிவிட்டாராம்.

சம்ப்பைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. ஆயில் பம்ப் எண்ணெயை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் என்கிற வடிகட்டி, சம்ப்பின் தரையை ஒட்டிச் சின்ன இடைவெளி விட்டுத்தான் நிற்கும். அடிபட்ட தகடு உள்வாங்கி அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. மெதுவாகப் போகும்போது கிடைக்கிற எண்ணெய் போதும், மிதித்தால் போதாது. குழி விழுந்ததில் சம்ப்பின் கொள்ளளவும் குறைந்துபோக, மட்டம் மேலே ஏறி, டிப்ஸ்டிக் நல்ல பிள்ளையாக ஃபுல் காட்டுகிறது. எண்ணெய் பத்தாமல் இன்ஜின் பேரிங்கில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. அலுமினிய வார்ப்பு சம்ப்பாக இருந்திருந்தால் அன்றைக்கே விரிசல் விட்டு ஒழுகியிருக்கும், அவரும் அங்கேயே நிறுத்தியிருப்பார்.

"கீழதான் தட்டு இருக்கேண்ணே?" என்றார். இருந்தது, பிளாஸ்டிக்கில். அது சேறும் தண்ணீரும் தெறிக்காமல் இருக்க. பாறைக்கு அது பப்படம்.

பாறையில் ஓட்டுகிறவருக்கு ஸ்கிட் பிளேட், அதாவது அடியைத் தாங்கும் கனமான உலோகத் தட்டு வேண்டும். 4 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் சுமார் 31 கிலோ வரும், 6 மி.மீ. அலுமினியம் சுமார் 16 கிலோ. எடை குறைவு என்று பலர் அலுமினியம் கேட்கிறார்கள். ஆனால் கூரான பாறை அலுமினியத்தில் பதிந்து பிடித்துக்கொள்ளும், இரும்பு வழுக்கிக்கொண்டு போகும். அடிக்கடி பாறை ஏறுகிறவருக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன்.

தடிமனைவிட முக்கியம், தட்டு எதில் மாட்டியிருக்கிறது என்பது. வண்டியின் அடிச்சட்டமான சேஸில் மாட்ட வேண்டும். கியர்பாக்ஸ் ஹவுசிங்கிலோ சம்ப் போல்ட்டிலோ மாட்டினால் அடி முழுக்க அதற்கே போகும். தட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவில் இடைவெளியும் வேண்டும், தகடு கொஞ்சம் வளையத்தான் செய்யும். போல்ட் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பாறை அதைச் சீவிவிடும், அப்புறம் கிரைண்டர் வைத்துத்தான் கழற்ற வேண்டும். பழைய ஆயிலை இறக்கும் டிரெயின் நட்டுக்கு நேரே ஓட்டை விடாத தட்டைக் கொண்டுவந்தால் எந்த மெக்கானிக்கும் திட்டுவார். நானும் திட்டுவேன்.

இன்னொரு நம்பிக்கை: சஸ்பென்ஷனைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. மஹிந்திரா தாருக்கு 226, மாருதி ஜிம்னிக்கு 210 மி.மீ. தரை இடைவெளி என்று படித்துவிட்டு, அதற்கு மேல் ஸ்பிரிங்கை மாற்றி ஏற்றுகிறார்கள். பாடி உயரும், சேஸ் உயரும். பின்னால் ஒரே இரும்பாக இருக்கும் ஆக்ஸிலின் நடுவில் தொங்குகிற கிரவுன் ஹவுசிங், அதாவது சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைக் கூடு, இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். டயரின் விட்டம் 50 மி.மீ. கூடினால் கிரவுன் 25 மி.மீ. ஏறும், அவ்வளவே.

அதனால்தான் மூணாறு பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர்களைப் பார்க்கச் சொல்கிறேன். பெரிய பாறையை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்ட மாட்டார்கள். டயரைப் பாறையின் மேலேயே ஏற்றி, ஊர்ந்து இறக்குவார்கள்.

அடி விழுந்து ஆயில் லைட் எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை நிறுத்துங்கள். 'அடுத்த ஊர் வரைக்கும்' என்கிற பேச்சே வேண்டாம், கட்டி இழுத்து வாருங்கள். லைட் எரியாவிட்டாலும் சம்ப்பில் குழி தெரிந்தால் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

அந்தத் தம்பிக்குப் பேரிங், சம்ப் மாற்றி, 4 மி.மீ. இரும்பில் தட்டும் அடித்துக் கொடுத்தேன். போன வாரம் வந்தார். தட்டின் அடியில் நீளமாக மூன்று கோடு, சம்ப்பில் கீறல்கூட இல்லை. தட்டைக் கழற்றியபோது அரைக் கூடை சேறும் காய்ந்த புல்லும் கொட்டின, புல் சைலன்ஸர் பைப்பை ஒட்டிக் கருகியிருந்தது. ஒவ்வொரு டிரிப்புக்கும் பிறகு கழற்றிக் கழுவச் சொல்லியிருந்தேன். "மறந்துட்டேண்ணே" என்றார்.