விக்கெட் கீப்பர்: திட்டிவாசல் காவலர்

சேலம் அம்மாபேட்டைத் தெருவில் சுவரில் கரியால் மூன்று கோடு இழுத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். பந்தைச் சுவரே தடுத்துவிடுவதால் கீப்பர் வேண்டாம். மைதானத்தில் குச்சி நட்ட பிறகுதான் ‘யாருடா கீப்பிங்?’ என்ற கேள்வி வரும். இந்த விக்கெட் கீப்பரைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில், அவர் எதைக் காக்கிறார்? பந்து படாமல் குச்சியைக் காப்பவர் மட்டை பிடித்தவர் அல்லவா?

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘விக்கெட்’டுக்குச் சிறு கதவு என்று பொருள். ஆதியில் இரண்டே குச்சி, மேலே ஒரு குறுக்குக்கட்டை. பார்க்கச் சின்ன வாசல்தான். 1775இல் லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்துகள் ஜான் ஸ்மாலின் இரு குச்சிகளுக்கு நடுவே புகுந்து போயும் அவர் அவுட் ஆகவில்லை. நடுக்குச்சி அதன் பிறகே வந்தது.

இதற்கு நேரான சொல் நம்மிடம் அழகாக இருக்கிறது: திட்டிவாசல். கோட்டை, கோயில்களின் பெருங்கதவுக்குள்ளே, ஆள் குனிந்து நுழையும் சிறு கதவு. கீப்பரும் குனிந்தே நிற்கிறார், அந்த வாசலுக்குப் பின்னால்.

ஆனால் இன்று ‘விக்கெட்’ ஒரு பொருளோடு நிற்பதில்லை. ‘விக்கெட் விழுந்தது’ என்றால் ஆட்டமிழப்பு. ‘விக்கெட் ஸ்லோவா இருக்கு’ என்றால் ஆடுகளம். ஒரே தமிழ்ச்சொல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இலங்கையில் ‘விக்கெட் காப்பாளர்’ என்கிறார்கள். ‘குச்சக் காப்பாளர்’, ‘இலக்குக் கவனிப்பாளர்’ என்றும் எழுதுகிறார்கள். கவனிப்பாளர் என்றால் நோயாளி நினைவுதான் வருகிறது. என் தேர்வு ‘இலக்குக் காப்பாளர்’.

அப்புறம், ‘விக்கெட் கீப்பர்-பேட்ஸ்மேன்’ என்று கீப்பரோடு சேர்ந்து வரும் பேட்ஸ்மேன். 2021இல் கிரிக்கெட் விதிநூல் அதை ‘பேட்டர்’ என்று மாற்றியது. நம் ‘மட்டையாளர்’ முதலிலிருந்தே இருபாலருக்கும் பொதுவானது.

இரண்டையும் சேர்த்தால் இலக்குக் காப்பாளர்-மட்டையாளர். நடுவிலுள்ள சிறுகோடு எவ்வளவு கனம் என்று தினேஷ் கார்த்திக்கைப் பார்த்தால் புரியும். தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடி, 2004இல் கீப்பராக இந்திய டெஸ்ட் அணிக்குள் வந்தார். தோனி வந்ததும் கையுறை போனது. 2007இல் தொடக்க மட்டையாளராக இறங்கி வங்கதேசத்தில் டெஸ்ட் சதம் அடித்தார். 2018இல் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிரான நிதாஹாஸ் கோப்பை இறுதிப் போட்டியில் கையுறையும் அவரிடம் இருந்தது, 8 பந்தில் 29 ரன்னும் வந்தது. கடைசிப் பந்தில் சிக்ஸர். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் அமைத்த மைதானத்தை 2023இல் திறந்துவைத்தவரும் அவர்தான். அங்கே குச்சிக்குப் பின்னால் குனிகிற பையனை நண்பர்கள் கீப்பர் என்றே கூப்பிடட்டும்; அவன் பெயர் செய்தியில் வரும் நாளில் ‘இலக்குக் காப்பாளர்’ என்று அச்சிடுவோம்.